போடட்டுமா அம்மிணி?

கரண்ட் போய் நான்கு மணி நேரம் கழித்து, விசைத்தறிக் கூடத்தில் ஒரு தறி ஒரே ஒரு தடவை அடித்தது.

டடக்.

அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த பிரபாவின் கை துடுப்போடு நின்றுவிட்டது. தறிக்கூடத்துத் தகரக் கூரையில் மூன்று நாளாக விடாமல் கொட்டுகிற மழையின் இரைச்சல், வாசலில் முழங்காலளவு நிற்கிற தண்ணீர் சுவரில் மோதுகிற சத்தம், நனைந்த நூலும் கஞ்சிப் பசையும் மெஷின் ஆயிலும் ஒன்றாக ஊறிக் கிளப்பிய புளித்த வாடை, இத்தனைக்கும் நடுவில் அந்த ஓர் அடி மட்டும் தனியாகக் கேட்டது. காற்றாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காற்றாவது, தறியை அடிப்பதாவது! பத்து வருடமாக எட்டுத் தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவளுக்கு அது தெரியாதா என்ன?

காய்ந்தும் கெடுக்கும், பெய்தும் கெடுக்கும் என்பார்கள் மழையை. எடப்பாடிக்கு அந்தப் பக்கம் ஏரி உடைந்து ரோடே முங்கிவிட்டது. நெய்த துணியைச் சந்தையில் போடப் போன கணவன் இளவழகன் ஈரோட்டிலேயே மாட்டிக்கொண்டான். தறி ஓட்டுகிறவர்கள் ஒருவரும் வரவில்லை. பள்ளிக்கூடம் லீவு என்று ஏழரை மணிக்குத்தான் போனில் சேதி வந்தது. அதற்குள் ஒன்பது வயது மகள் தீபிகாவுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டுச் சிவப்பு ரிப்பனும் கட்டியாகிவிட்டது. "ஐ, லீவு!" என்று அவள் குதித்த குதிப்பில் வீடே அதிர்ந்தது.

விடிகாலையில் கரண்ட் போனதும் பிரபா முதல் வேலையாகத் தறிக்கூடத்து மெயினை அணைத்து, மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி வந்து அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டாள். அவை இல்லாமல் உள்ளே ஒரு பல்புகூட எரியாது. மாரக்காள் செத்ததிலிருந்து அவளுக்கு இதே பழக்கம்.

மாரக்காள் நாலாவது தறிக்காரி. வாயில் எப்போதும் வெற்றிலை, யாரைக் கூப்பிட்டாலும் அம்மிணிதான். கரண்ட் நின்ற நேரத்தில் அறுந்த இழையைக் கட்டவோ, குறுக்கு நூலோடு இங்குமங்கும் ஓடுகிற நாடாக் கட்டை விழுந்தால் எடுக்கவோ யாராவது தறிக்கு அடியில் குனிந்திருப்பார்கள். அதனால் மெயின் போடுகிறவர் முதலில் "போடட்டுமா?" என்று கத்த வேண்டும். "போடு" என்று பதில் வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். போன ஆடியில் பிரபாவும் கேட்கத்தான் கேட்டாள். ஆனால் காதில் போன், நாத்தனாரோடு சண்டை. பதிலுக்கு நிற்காமல் போட்டுவிட்டாள். மாரக்காளின் கொண்டை பெல்ட்டில் சிக்கியது.

"அவங்கதானுங்க போடுன்னு சொன்னாங்க. எங் காதால கேட்டனுங்க." போலீசிடம் அப்படித்தான் சொன்னாள். ஊராரிடம் சொன்னாள். மாரடித்து அழுத மாரக்காளின் மகளிடமும் கூசாமல் சொன்னாள். பழி செத்தவள் தலையில் போனது. செத்தவள் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப்போகிறாள்?

டடக். டடக்.

துடுப்பு கையிலிருந்து விழுந்தது.

"தீபி?"

சற்று முன்புதான் வாசற்படியில் உட்கார்ந்து காலி நூல்கோன்களைக் கப்பலாக விட்டுக்கொண்டிருந்தாள். இப்போது படி காலியாக இருந்தது. வாசல் தண்ணீர் சுழித்துக்கொண்டு எதிரே தறிக்கூடத்துக்குள் புகுந்துகொண்டிருந்தது. கோன்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. கதவு ஓர் ஆள் நுழைகிற அளவு திறந்திருந்தது.

"தீபி! எங்க சாமி இருக்கற?"

"இங்கதாம்மா, தறிக்குள்ள! கப்பலு நாலாந்தறிக்கு அடியில போயி சிக்கிக்கிச்சு. எடுத்துட்டு வாரேன்!"

பிரபா பீஸ் கட்டைகளை வாரிக் கையில் இறுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மூன்றும் என்னிடம் இருக்கிறது. ஒன்றும் ஆகாது. மூன்றும் என்னிடம்தான். தண்ணீர் காலைப் பிடித்து இழுத்தது. இன்னும் பத்தடி. எட்டடி.

அப்போது உள்ளிருந்து குரல் வந்தது. மெயின் பெட்டி இருக்கிற மூலையிலிருந்து. வெற்றிலை குதப்பிய, அவசரமே இல்லாத குரல்.

"கரண்டு வந்திருச்சு அம்மிணி. போடட்டுமா?"

கேட்டுவிட்டு அது நின்றது. பிரபா அன்றைக்கு நிற்காத நேரத்தையெல்லாம் சேர்த்து நின்றது.

"வேண்டாம்!" பிரபா அலறினாள். "போடாதீங்கக்கா! எம் புள்ளைங்கக்கா! நீங்க சொல்லவே இல்லீங்க, நாந்தானுங்க பொய் சொன்னேன்!"

தகரத்தில் மழை அறைந்தது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

நடை பழகிய நாளிலிருந்து தீபிகாவுக்கு அது ஒரு விளையாட்டு. யார் "போடட்டுமா" என்றாலும் எல்லோரையும் முந்திக்கொண்டு கத்துவது அவள்தான். தறிக்கு அடியிலிருந்து சந்தோஷமாகக் கத்தினாள்.

"போடுங்க!"

டடக். டடக். டடக் டடக் டடக்.

பிரபா கதவைத் தள்ளினாள். பகலிலும் இருட்டு. ஏழு தறிகள் அசையவில்லை. நாலாவது மட்டும் ஓடியது. மூலையில் யாரும் இல்லை. மெயின் பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே மூன்று காலிக் குழி. அவள் கைக்குள் மூன்று பீஸ் கட்டைகள்.

"தீபி..."

ஒரு கோன் மிதந்து வந்து காலில் முட்டியது.

உருளையில் துணி சுற்றிக்கொண்டே வந்தது. வெள்ளை. வெள்ளை. பிறகு விரற்கடை அகலத்துக்கு, பிசிறில்லாமல் நெய்த சிவப்பு ரிப்பன். அதையடுத்துக் கறுப்பாக, எண்ணெய் மினுங்க, இழை இழையாக.

நாடா போய் வந்துகொண்டிருந்தது.