வால்வு மூடும் முன் இரண்டு நாள்

கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கத் தொடங்கிய ஆறாம் ஆண்டா, ஏழாம் ஆண்டா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வரைதாள் மஞ்சள் என்றுதான் ஞாபகம், நீலமாகவும் இருந்திருக்கலாம். குணவதி அதில் பெட்டிகள் வரைந்துகொண்டிருந்தது மட்டும் நிச்சயம்.

தூத்துக்குடி நீர்ப்பகிர்வகத்தில் அவளுக்கு அது நான்காம் நாள். காலையில் வந்ததும் நீரை நிறுத்தும் ஓர் ஆணையைப் பிடித்துக்கொண்டு, அது போகும் மேசைக்கெல்லாம் பின்னாலேயே நடப்பாள். ஒரு வீடு தன் பங்குக்கு மேல் நீர் எடுத்தால் மீட்டர் காட்டிக்கொடுக்கும். பிறகு சரிபார்ப்பு, ஒப்புதல், ஆணை. கடைசியில் அந்த வீட்டு வால்வு மூடும். படிக்கு ஒரு பெட்டி, நடுவே ஓர் அம்பு. படம் முடிந்ததும் வேலை முழுவதையும் நெறியாளி என்ற இயந்திர மூளை ஏற்றுக்கொள்ளும். படத்தில் உள்ளதைப் பிசகாமல் செய்யும். படத்தில் இல்லாதது அன்றோடு இல்லை. அதனால்தான், மனிதர் ஒருவர் கூடவே நடந்து பார்த்துப் படத்தை வரைய வேண்டும் என்று சட்டம்.

கேட்டவர்கள் எல்லாரும் விதிப்புத்தகத்தை அப்படியே ஒப்பித்தார்கள். ஆனால் ஓரிடத்தில் இடித்தது. ஆணை வந்தபின் வால்வை மூடப் பத்து நிமிடம் போதும். இரண்டு நாள் ஆகிக்கொண்டிருந்தது. நெறியாளி அந்த இரண்டு நாளுக்கு 'வெற்றுக் காத்திருப்பு' என்று பெயரிட்டு, நீக்கச் சொல்லியிருந்தது.

ஆணைகள் தங்கிய இடம் வால்வுப் பிரிவு மிக்கேலின் மேசை. குணவதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குக் கைவந்தது. மிக்கேல் இரண்டு டீ குடித்தார், மீட்டர்காரர்களைத் திட்டினார், ஜன்னலைப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து, வேறு வழியில்லாமல், மேலே கிடந்த ஆணையின் வீட்டு எண்ணைப் பார்த்துப் போனை எடுத்தார்.

"யக்கா, தண்ணி ஆபீஸ் மிக்கேல் பேசுதேன். இந்த வாரம் கூடப் போயிருக்கே, வீட்டுல என்ன விசேஷம்?"

இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. ஓயாத துணி துவைப்பு. மிக்கேல் ஆணையை மறுபரிசீலனைக்குத் திருப்பிவிட்டுக் குணவதியைப் பார்த்தார்.

"விதியில இதுக்கு இடமில்ல மேடம். எழுதுனியன்னா என் வேலை போவும். எழுதலன்னா நாளைலேருந்து இந்த மாதிரி வீட்டுக்கெல்லாம் தண்ணி நின்னுரும்."

குணவதி பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு, போன மாதம் எத்தனை ஆணை திரும்பியது என்று கேட்டாள். அவர் ஒரு நோட்டை நீட்டினார். அறுபத்து மூன்றில் பத்தொன்பது. குழாய் உடைப்பு, சாவு வீடு, வீட்டிலேயே டயாலிசிஸ். ஏழு வீட்டில் மீட்டரே பழுது.

"அதுல ஒருத்தன் பொய் சொல்லிட்டான்," என்றார் மிக்கேல். "அவன விடமாட்டேன்."

அவள் 'காத்திருப்பு' என்பதை அழித்துவிட்டுப் புதிய பெட்டி போட்டாள். கேட்டல். செய்பவர்: மனிதர். உள்ளே வருவது: ஆணை. வெளியே போவது: காரணம்.

கையெழுத்திட வேண்டிய கண்காணிப்பாளர் பவளக்கொடிக்கு முகம் சிவந்தது. விதியில் இல்லாததைப் படத்தில் போடலாமா என்று கேட்டார்.

"விதி எப்படி இருக்குன்னு வரையச் சொல்லலையே மேடம்," என்றாள் குணவதி. "வேலை எப்படி நடக்குதுன்னுதானே கேட்டீங்க."

பவளக்கொடி நோட்டைப் புரட்டினார். பழுதான ஏழு மீட்டரில் விரல் நின்றது. அவற்றை வாங்கியபோது ஒப்பமிட்டது அவர்தான். படத்தில் கையெழுத்திட்டார்.

நெறியாளி அந்தப் பெட்டியை நீக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டது: இது அரை நாளில் முடிய எத்தனை மனிதர் வேண்டும்?

நான்கு பேர் வந்தார்கள். விதியை மீறியதற்காக மிக்கேலுக்கு ஒரு மெமோவும், மறுவாரமே அந்த நால்வருக்குத் தலைமைப் பொறுப்பும் கிடைத்தன. பவளக்கொடி ஏழு மீட்டரையும் மாற்றிவிட்டு அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். குணவதி விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் படம் வரையப் போனாள். இரட்டையர் வீட்டில் தண்ணீர் ஒரு நாளும் நிற்கவில்லை.