மூடுபனிக்குக் கேட்டது

மலையேறத் தொடங்கிய இரண்டாம் நாள் மத்தியானம்தான் மின்வாரிய வயர்மேன் அதைக் கவனித்தார். அவர் மனைவி மலைப்பாதையில் பள்ளத்தை ஒட்டிய விளிம்பில் நடந்துகொண்டிருந்தாள். பாறைப் பக்கம் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள்தான் அப்படி நடப்பார்கள்.

"இந்தப் பக்கம் வந்து நட. கால் வழுக்கினா அவ்வளவுதான்."

"இருக்கட்டுங்க" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

போன வருஷம் இதே பாதையில்தான் அவர்களுடைய ஒன்பது வயது மகள் சுண்டு காணாமல் போனாள். ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தாள். குறுக்கே மூடுபனி வந்தது. விலகியபோது பாதை காலியாக இருந்தது. தேடப் போனவர்கள் தேடித் தேடி ஓய்ந்துபோனார்கள். அன்றிலிருந்து மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. 'ஒரே ஒரு தடவை அங்க போயிட்டு வந்துடலாங்க' என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்கக் கல்லும் கரையும், அவர் எம்மாத்திரம்?

பொழுது சாயும் நேரத்தில் மலையேறிகள் தங்கும் குடிலை அடைந்தார்கள். கருங்கல் சுவர், தகரக் கூரை, படுக்க நீளமான பலகை மேடை, மூலையில் இரும்பு அடுப்பு. வேறு யாரும் இல்லை. ஈர விறகின் புகையும் பழைய கம்பளியின் முடை நாற்றமும் மூக்கில் ஏறின. காற்று தகரத்தின் ஓரத்தை நெம்பி நெம்பி விட, எங்கோ ஓர் ஆணி கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், காதில் விழுந்தும் விழாமலும், சரிவிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. யாரோ கூப்பிடுவது போல. வெகு தூரத்தில். பிறகு அவ்வளவு தூரமில்லை.

பலகையில் அவர் பக்கத்தில் படுத்திருந்த மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"சுண்டு..."

கதவுக்கு வெளியே, மகளின் அதே கீச்சுக் குரல் சொன்னது: "பயப்படாத. அங்கயே நில்லு. அப்பா வர்றேன்."

குரல் மகளுடையது. வார்த்தைகள் அவருடையவை. போன வருஷம் பனிக்குள் தொண்டை கிழியக் கத்தியவை. 'வர்றேன்' என்று சொல்லும்போது குரல் உடைந்த இடம்கூட அப்படியே.

"தொறக்காத" என்றார். "அது அவ இல்லம்மா. நாம கத்துனத வேற ஏதோ கேட்டுக்கிட்டு நின்னிருக்கு."

அவள் அவரைப் பார்த்தாள். ஒரு வருஷமாக வராத கண்ணீர் இப்போது கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"கேட்டிருக்குல்ல? அப்ப அவளுக்கும் கேட்டிருக்கும்ங்க. தன்ன விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு என் புள்ள நெனச்சிருக்க மாட்டா."

அவரைத் தினமும் தூங்கவிடாமல் அரித்ததும் அதுதான். பாய்ந்து தடுத்திருக்க வேண்டும். கால் எழவில்லை. எழ அவர் விடவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அவள் தாழ்ப்பாளை நீக்கினாள்.

பனி நுழைந்தது. விளக்கு அணைந்தது. இருட்டில் மனைவி திரும்பி வந்து படுத்தாள். ஈர மண் வாசனை. தரையில் வெறுங்காலின் ஓசை. பலகை அழுந்தியது. கம்பளி விலகியது. அவர்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ வந்து படுத்தது. தண்ணீரில் ஊறிய கட்டை போல.

"கொஞ்சம் நகருங்க. புள்ளைக்கு இடம் பத்தல" என்றாள் மனைவி.

அது மகள் இல்லை. தெரியும்.

நகர்ந்து படுத்தார்.

அவர் நெஞ்சின் மேல் ஒரு கை விழுந்தது. தூக்கத்தில் மகள் போடுவது போல, சின்னக் கை. விரல்கள் நீண்டன. தோளைத் தாண்டின. முதுகுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வந்து பின்னிக்கொண்டன. மூச்சு முட்டியது.

அந்தப் பக்கம் மனைவி மெல்லத் தாலாட்டத் தொடங்கினாள். இரண்டாவது வரியில், அவர் காதருகே, அதே பாட்டு. மனைவியின் அதே குரல். இரண்டு வாய்கள் சேர்ந்து பாடின.

கொஞ்ச நேரத்தில் ஒன்று நின்றது.

காதருகே இருந்தது மட்டும் பாடிக்கொண்டே இருந்தது.