வாசல் கொடியில் ஈரம்

தோள்பட்டை இரண்டும் தீயாய் எரிந்தன. பொழுது சாய, சிமெண்ட் குடோனில் மூட்டை இறக்கிவிட்டு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். துணிக்கொடியில் மகளின் போர்வை சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் மஞ்சளாய் ஒரு வட்டம். மூத்திர நெடி, பழசல்ல, இப்போது நனைந்தது போலச் சூடாக மூக்கில் ஏறியது.

நனைக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. எட்டு வயது மகளுக்கு ஒரு வருஷமாய் மூத்திரமே வருவதில்லை. வயிற்றில் குழாய் வைத்து, பையிலிருக்கும் மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்கித்தான் அவள் உயிர் ஓடுகிறது.

"போர்வைய யாரு காயப்போட்டது?"

"எந்தப் போர்வை?" வடிந்த பையோடு மனைவி வெளியே வந்தாள். "கையக் கழுவிட்டு உள்ள போங்க. சிமெண்ட்டுக் கையோட போனா புள்ளைக்கு வயித்துல சீழ் புடிச்சிரும்."

அங்கே எதுவும் தொங்காததுபோல் போர்வைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனாள். பையைக் கொட்டிவிட்டுத் திரும்பி வீட்டுக்குள் போனபோதும் அவள் தலைமுடியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

முன்பெல்லாம் காலையில் பாய் நனைந்திருந்தால் அவன்தான் போர்வையை இங்கே தொங்கவிடுவான். கீழே மகளை நிறுத்திவைப்பான். "ரோட்டுல போறவன் பாக்கட்டும். அப்பவாவது ரோஷம் வருதான்னு பாப்போம்." எதிர்வீட்டுத் தையல்காரி, "என்ன அண்ணே, இன்னிக்கும் கொடி ஏத்தியாச்சா?" என்பாள். முதலில் சிரிப்பது அவன்தான். சாயங்காலத்துக்குமேல் பிள்ளைக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அடிக்கடி வந்த காய்ச்சலுக்குப் பெட்டிக்கடை மாத்திரை.

"திமிருமில்ல, சோம்பேறித்தனமுமில்ல," என்றார் போன வருஷம் ஆஸ்பத்திரியில் டாக்டர். "பொறந்ததுலருந்தே மூத்திரம் கீழ எறங்காம கிட்னிக்குத் திரும்பி ஏறியிருக்கு. ஒவ்வொரு காய்ச்சலும் கிட்னியக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுருக்கு. முன்னமே கூட்டிட்டு வந்திருக்கலாமேப்பா."

அவன் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டான். போர்வையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

போன வாரம் அதே டாக்டர், "உன் கிட்னி புள்ளைக்குப் பொருந்துதுப்பா," என்றார். வீட்டுக்கு வந்தவன் மனைவியிடம், "சேரலையாம்," என்றான். கத்திக்குப் பயந்தான். மூட்டை தூக்க முடியாமல் போய்விடும் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டான். அவள் அழுதபோது அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"அப்பா."

குரல் வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை.

போர்வைக்குக் கீழே இரண்டு பாதங்கள். சின்னவை. நீர் கோத்து வீங்கியவை.

"இன்னும் எவ்ளோ நேரம்ப்பா நிக்கணும்?"

உள்ளே கட்டிலில் மகள் இருமினாள். அவள் இருமல்தான். அப்படியானால் இது?

சொட்டுவது நின்றது. தெருவில் சத்தமில்லை. கை போர்வையைத் தொட்டது. சூடு. இழுத்தான். வரவில்லை.

துணி உள்வாங்கியது. அவன் நெஞ்சுக்கு நேரே, துணியில் பதிந்து ஒரு மூக்கு. கன்னம். பிறகு வாய்.

ஒரு குழந்தையின் வாய், அந்தப் பக்கத்திலிருந்து, மஞ்சள் வட்டத்தை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது. தாகம் தீராமல். மூச்சு விடாமல்.

அவன் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். மனைவி பை மாட்டிக்கொண்டிருந்தாள். கிட்னி பொருந்தியதைச் சொல்லாமல் பையைத் தூக்கிப் பிடித்துக்கொடுத்தான். வெளியே உறிஞ்சும் சத்தம் நிற்கவில்லை.

மகளுக்கு அவன் தரவேண்டியது ஒரு சிறுநீரகம். இன்னும் தரவில்லை.