மேடைக் கப்பலில் நிஜக் குத்து

"ஆ...!"

கொள்ளையர் தலைவன் அலறினான்.

கூட்டம் கை தட்டியது. விசில் பறந்தது. யாரோ ஒரு ஆள் "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினான்.

கனிமொழிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

இந்த இடத்தில் அலறல் கிடையாதே...! தலைவன் வேடம் கட்டிய முருகவேல் இங்கே சிரித்துக்கொண்டே குட்டைக்குள் குதிக்க வேண்டும். மூன்று வருடமாக அப்படித்தான் குதித்தான்.

இன்று குதிக்கவில்லை.

அவள் கையிலிருந்த வாள் அவன் வயிற்றுக்குள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது!

"அண்ணே...!"

முருகவேல் அவளைப் பார்க்கவில்லை. தன் கையிலிருந்த வாளைப் பார்த்தான். அதன் முனையைப் பார்த்தான். பேய் கண்டவன் போலப் பார்த்தான்.

"எப்டி...?" என்றான்.

வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. கப்பல் பலகையில் முழங்காலிட்டான். முகம் குப்புற விழுந்தான். வாளின் நுனி முதுகுப் பக்கம் கோட்டுத் துணியைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"செம ஆக்டிங்டா!" என்றது முன் வரிசை.

பலகை இடுக்கில் வழிந்த ரத்தம் குட்டைத் தண்ணீரைச் சிவப்பாக்கிய பிறகுதான் கை தட்டல் நின்றது.

அப்புறம்...

ஓட்டம்! கூச்சல்! நாற்காலிகள் சாய்ந்தன!

கே.ஜி.கண்டிகை போகும் சாலையில் இருந்த மாந்தோப்பு ரிசார்ட் அது. ஞாயிற்றுக்கிழமை காலை. தோப்புக் குட்டையில் சவுக்குக் கம்பும் பலகையும் கட்டிச் செய்த ஒரு கப்பல். அதில் கடல் கொள்ளையர் சண்டை! திருத்தணியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் சென்னைக்குப் போக வேண்டும். ஆனால் கொள்ளையர் வேடம் கட்டி, பழைய காலத்து வாளும் துப்பாக்கியுமாகச் சண்டை போட்டுக் காட்டும் பைத்தியம் இந்த ஊரில் ஐந்தாறு பேருக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பைத்தியங்களின் தலைவன் முருகவேல். அவன் மனைவி ஷாலினிக்கு உடையும் ஒப்பனையும். ஷாலினியின் தம்பி கஜபதிக்கு லாரியும் தட்டுமுட்டும்.

கனிமொழி, அரக்கோணம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். வாரம் முழுக்க ஓசிப் பயணிகளோடு மல்லுக்கட்டு. ஞாயிறு வந்தால் கையில் வாள்! சண்டைகளை அமைப்பதும் அவள்தான்.

இப்போது கொலைகாரியும் அவள்தான்.

---

"குத்துனது நீதானம்மா?"

இன்ஸ்பெக்டர் மணியம்மை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரிசார்ட்டின் ஆபீஸ் அறை. கனிமொழி கொள்ளைக்காரி வேடத்தைக்கூடக் கலைக்கவில்லை. கண்ணுக்கு வரைந்த மை கன்னம் வரை ஒழுகியிருந்தது.

"ஆங் மேடம்... நான்தான். ஆனா நா குத்தல!"

"இன்னாம்மா இது? ரிசார்ட்ல பாதிப் பேரு போன்ல வீடியோ எடுத்து வச்சிகினு இருக்கான். நீ குத்தல, பின்ன கத்தியே போய்க் குத்திச்சா?"

"மேடைச் சண்டையில ஆள் மேல குத்தவே மாட்டோம் மேடம். உடம்புக்கு ஒரு முழம் தள்ளி, காத்துலதான் குத்துவோம். பாக்குறவங்களுக்குத்தான் குத்துன மாதிரி தெரியும். இன்னிக்கும் தள்ளித்தான் குத்தினேன். சத்தியமா!"

மணியம்மை மேஜை மேல் இரண்டு வாள்களை வைத்தார். ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றின் கைப்பிடியில் சிவப்புத் துணி. இன்னொன்றில் கருப்பு.

"உன்னுது எது?"

"சிவப்பு. கருப்பு முருகவேல் அண்ணனுது. துணி சுத்தலன்னா எது யாருதுன்னு தெரியாது. சண்ட வேகத்துல துணியோட நெறம்தான் கண்ணுல படும்."

"சிவப்பு சாணை பிடிச்சிருக்கு. விரல வச்சா விரலு போயிடும். கருப்பு மொக்க. வாழப்பழத்தக்கூட வெட்டாது. அப்போ உன் கத்தியத்தானே கூர் போட்டிருக்காங்க?"

"நா போடல மேடம்!"

சொல்லிக்கொண்டே எழுந்தவள், "அம்மா...!" என்று விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"தெர்ல... இங்க வலிக்குது..."

மணியம்மை கதவைச் சாத்தினார். கனிமொழியின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

விலா எலும்புக்குக் கீழே, எட்டணாக் காசு அளவில், கருநீலமாய் ஒரு கன்றல். வட்டமாய். அழுத்தமாய்.

கருப்புத் துணி வாளின் மொட்டை முனையைக் கொண்டு வந்து பக்கத்தில் பிடித்தார்.

கச்சிதமாகப் பொருந்தியது!

"இது எப்போம்மா?"

கனிமொழி அந்தக் கன்றலைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கணம் கண்முன் ஓடியது. அவள் குத்துவதற்கு முந்திய நொடி... முருகவேல் தன் இடத்தை விட்டு ஒரு எட்டு உள்ளே வந்தான். வரக்கூடாத எட்டு! நேராக அவள் வயிற்றைப் பார்த்து வாளைப் பாய்ச்சினான். பலம் கொண்ட மட்டும்! அவள் வலியில் தள்ளாடினாலும், பழகிய கை பழகியபடி, அவன் நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குத்தியது.

அந்த ஒரு முழத்தில்தான் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"மேடம்... அவரு என்னய நெசமா குத்தினாரு! சாவடிக்கவே குத்தினாரு!"

"மொக்கக் கத்தில குத்தி யாருமா சாவடிப்பான்?"

"மொக்கன்னு அவருக்குத் தெரியாது! விழறதுக்கு முன்ன தன் கத்தியத்தான் பாத்தாரு. எப்டின்னு கேட்டாரு. கூர் போட்ட கத்தி தன் கையில இருக்குதுன்னு நெனச்சிகினு இருந்தாரு மேடம்!"

மணியம்மை இரண்டு வாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விசில் அடிக்காத குறை.

"அப்போ செத்தவன்தான் கொலகாரன்! துணிய யாரோ மாத்திச் சுத்திட்டாங்க... சரி, உன்ன எதுக்குக் கொல்லணும்? இன்னா தகராறு?"

"ஒண்ணுமே இல்ல மேடம். தங்கச்சி மாதிரி பாத்துப்பாரு. போன வாரம் நகரியில ஷோ முடிச்சிட்டு வந்தோம். தெர்மாகோல் பீரங்கி நாலு. அத எறக்க ஆறு பேர் தம் கட்டறாங்க. இன்னாண்ணே, உள்ள நெசக் குண்டு வச்சிகினு வர்றீங்களான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க..."

"அவரு?"

கனிமொழி யோசித்தாள்.

"அவரும் கஜபதியும் சிரிக்கல."

மணியம்மை ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தார். கப்பலின் நாலு பக்கமும் காலி.

"பீரங்கி எங்கம்மா?"

பீரங்கியும் இல்லை. லாரியும் இல்லை. கஜபதியும் இல்லை!

"நகரி... ஆந்திரா... செம்மரக் கடத்தல்!" மணியம்மை தொப்பியைத் தலையில் கவிழ்த்தார். "இவன எங்கன்னு போய்த் தேடறது?"

"பள்ளிப்பட்டு ரோட்டுல மூடின ரைஸ் மில்லு மேடம். அங்கதான் ஒத்திகை பாப்போம்."

"ஏறு ஜீப்புல!"

---

மில்லின் முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

லாரி சுவரோரம் நின்றது. உள்ளே ரம்பம் ஓடும் சத்தம்.

"நீ ஜீப்ப விட்டு எறங்காத," என்ற மணியம்மை, டிரைவராக வந்த கான்ஸ்டபிளோடு முன்கதவை நோக்கி ஓடினார். "போலீஸ்! கதவத் தொற!"

ரம்பம் நின்றது.

அடுத்த நொடி, மில்லின் பக்கவாட்டுக் கதவு படாரென்று திறந்தது!

கஜபதி!

தலையெல்லாம் மரத்தூள். கையில் கப்பல் கொள்ளையரின் வளைந்த வாள். அதுவும் சாணை பிடித்தது. ஜீப்பையும், ஜீப்பில் இருந்தவளையும் பார்த்தான்.

"எங்கக்கா புருசன, எங்க பாவாவக் கொன்னுட்டு போலீசயும் கூட்டிகினு வர்றியாடி!"

பாய்ந்தான்.

கனிமொழி சீட்டுக்கு அடியில் கிடந்த லத்தியை உருவிக்கொண்டு மறுபக்கம் குதித்தாள். வாள் ஜீப்பின் கண்ணாடியில் இறங்கியது. கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

"கஜபதி! உங்க பாவாதான் என்னக் கொல்ல வந்தாரு!"

"ஆமாண்டி! அவரு முடிக்கல, நா முடிக்கிறேன்!"

வீச்சு! அவள் லத்தியால் தடுத்தாள். இரண்டாவது வீச்சு! லத்தி இரண்டாகப் பிளந்தது. மூன்றாவது அவள் தோளைக் கிழித்தது. தோளில் தீ வைத்த மாதிரி எரிந்தது. ரத்தம் முழங்கை வரை ஓடியது.

இது ஒத்திகை இல்லை. இங்கே யாரும் ஒரு முழம் தள்ளிக் குத்த மாட்டார்கள்.

முதுகு மில் சுவரில் முட்டியது.

கஜபதி பல்லைக் கடித்தான். வாளை நேராக்கினான். அவள் மார்பைக் குறி வைத்துப் பாய்ச்சினான்!

ஒரு மயிரிழை...

கனிமொழி உடம்பைத் திருப்பினாள். வாள் அவள் கை இடுக்கில் நுழைந்தது. விலாத் தோலைச் சீவிக்கொண்டு சுவரில் மோதியது. கையை இறுக்கி வாளை அக்குளில் கவ்விக்கொண்டாள்.

அப்புறம் அலறினாள்.

கண்ணைச் செருகினாள். வாயைப் பிளந்தாள். சுவரோடு சரிந்தாள்.

மூன்று வருடமாக ஞாயிறுதோறும் மேடையில் ஏதாவது ஒரு காட்சியில் செத்துப் பழகியவள். சாவதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது!

கஜபதி நம்பினான். ஏற்கெனவே வழிந்திருந்த ரத்தம் அவனை நம்ப வைத்தது. மூச்சிரைக்கக் குனிந்து, வாளை உருவப் பிடித்தான்.

செத்தவள் உதைத்தாள்!

குதிகால் அவன் முழங்காலில் பக்கவாட்டில் இறங்கியது. மளுக்கென்று ஒரு சத்தம். அவன் கத்திக்கொண்டு சாய்ந்தபோது, பிளந்த லத்தியின் பாதி அவன் மூக்கைச் சந்தித்தது. ஒரு முறை... இரண்டு முறை... மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இல்லை. வாளை உதைத்துத் தள்ளிவிட்டு அவன் மணிக்கட்டின் மேல் ஏறி நின்றாள்.

"போதும்மா! எனக்கும் கொஞ்சம் மீதி வை!"

மணியம்மை மூச்சிரைக்க ஓடி வந்து விலங்கை மாட்டினார்.

திறந்த கதவு வழியே உள்ளே தெரிந்தது. உடைத்துப் போட்ட தெர்மாகோல். அதன் நடுவே ரத்தச் சிவப்பில் செம்மரக் கட்டைகள்.

"பேசுடா!"

கஜபதி ரத்தத்தைத் துப்பினான்.

"செக்போஸ்ட்ல வேஷத்தயும் பீரங்கியயும் பாத்தா சிரிச்சிகினு விட்டுடுவாங்க... எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. இவ கேள்வி கேட்டா. ஷோவுலயே முடிச்சிடலாம், நாடகத்துல கை தவறிடுச்சுன்னு சொல்லிக்கலாம்னு பாவாதான் சொன்னாரு. காலைல அவரேதான் தன் கத்திய சாணை பிடிச்சாரு..."

"அப்றம் நீ துணிய மாத்திட்டியா? பாவா போயிட்டா மரம் முழுக்க உனக்குத்தானே?"

"அய்யோ, நா இல்ல மேடம்! எங்க பாவா மேடம் அவரு! எவன் மாத்தினான்னு தெரிஞ்சா அவன நானே வெட்டுவேன்!"

சாலையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவள் ஷாலினி. புடவை முழுக்கக் கணவனின் ரத்தம் காய்ந்து மொறமொறத்தது.

"ஆஸ்பத்திரில சாட்சிக் கையெழுத்துப் போட உன்னக் கேட்டாங்க கஜா," என்றாள். விலங்கைப் பார்த்தாள். நொறுங்கிய மூக்கைப் பார்த்தாள். அழவில்லை. "சரி, வுடு. நீ வர மாட்டேன்னு தெரியுது."

"அக்கா! பாவாவோட கத்திய எவனோ..."

"எவனும் இல்ல. நான்தான்."

மில்லுக்குள் புறா ஒன்று படபடத்தது.

கஜபதி விலங்குக் கையை ஊன்றி எழப் பார்த்தான்.

"அக்கா... நீயா?"

"காலைல பம்பு செட்டுல ரெண்டு பேரும் பேசிகினு இருந்தீங்களே, கேட்டேன். அந்தப் பொண்ணு பாவம், வுட்ருய்யான்னு அவரு கால்ல வுழுந்தேன். எட்டி ஒதச்சாரு. வாயத் தொறந்தா அடுத்தது நீதான்னாரு." கழுத்தோரம் புடவையை விலக்கினாள். விரல் பதிந்த தடங்கள். "நீயும் பாத்துகினுதானே இருந்த கஜா? அதான் வாயத் தொறக்கல."

கனிமொழி தோளைப் பிடித்தபடி அவள் எதிரே வந்து நின்றாள்.

"அண்ணி... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா ஷோவுக்கே வந்திருக்க மாட்டேனே! என்னக் காப்பாத்தினீங்களா? இல்ல, என் கையால அவர முடிச்சீங்களா?"

ஷாலினி அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ரெண்டும்தான் கனி. அவரு எடத்த வுட்டு உன் மேல வந்தா மட்டும்தான் அந்தக் கூரு அவர் மேல எறங்கும். இன்னிக்கு நீ வரலன்னா நாளைக்கு வேற எடத்துல வெட்டியிருப்பாரு. உன்ன மட்டும் இல்ல, என்னயும்."

கனிமொழிக்கு அவளை அடிக்கத் தோன்றியது. கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் ஜீப்பின் மேல் சாய்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையை அழுதாள்.

மணியம்மை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இன்னாம்மா இது? சாணை பிடிச்சது அவன். இடத்த வுட்டு வந்து குத்து வாங்கனது அவன். குத்தனது இவ. உன் மேல இன்னான்னு நா கேஸ் எழுதறது? நீ இன்னாதான் செஞ்ச?"

ஷாலினி இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து அவருக்குத் துணி மாத்தி எடுத்து வைக்கிறது நான்தான் மேடம்... இன்னிக்கும் அதத்தான் செஞ்சேன்!"