கடைசி நிறுத்தத்தில் நால்வர்

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள் மூவர்: பெரியவர், அவர் மனைவி, பள்ளியில் டீச்சராக இருந்த மருமகள். நான்காவது ஆளான மகன், ஊருக்கு வந்துபோகும் ஒரே பஸ்ஸின் கண்டக்டர். அவன் வண்டியில் வந்துகொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டுக்கு எதிரேதான் கடைசி நிறுத்தம். பஸ் வந்து நின்ற சத்தம் சமையலறையில் இருந்த டீச்சருக்குக் கேட்டது. வழக்கமாக இன்ஜின் உடனே அணைந்துவிடும். இன்று அணையவில்லை. வயதானவர்கள் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் உறுமிக்கொண்டே நின்றது.

அவளுக்கு மாமனார் மேல்தான் சந்தேகம் வந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவள் பொறுப்பு. ஊரில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு பேர். முந்நூறுக்குக் குறைந்தால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். பஸ் வரும் சாலையை அரசாங்கத்திடம் அலைந்து திரிந்து வாங்கியவர் பெரியவரின் தகப்பனார். அதனால், செத்துப்போன தன் அண்ணன், அண்ணி, சித்தப்பா, தங்கை நால்வரையும் உயிரோடு இருப்பதாக எழுதச் சொன்னார் பெரியவர். வேறு வேறு வீடுகளில் பிரித்துச் சேர்க்கலாமே என்று அவள் கேட்டதற்கு அவர் முகம் இறுகிவிட்டது.

"பொய் நம்ம வீட்டோட இருக்கட்டும்மா. அடுத்தவன் வாசல்ல கொண்டுபோய் வைக்கக் கூடாது."

எழுதிவிட்டாள். நாளைக் காலை சரிபார்க்கும் அதிகாரி வருகிறார். அந்த வீட்டுக் கணக்கில் எழுதிய எட்டுப் பேரையும் நேரில் காட்டாவிட்டால் பஸ் போகும், அவள் வேலை போகும், குடும்பத்தின் பெயரும் போகும். ஆட்கள் வந்துவிடுவார்கள், பேசாமல் இரு என்று மதியம் மாமனார் சொன்னதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வெளியூரில் கூலிக்கு ஆள் பிடித்திருக்கிறார். செத்தவர்களுக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டுமா என்று குத்தலாகக் கேட்டுவிட்டு, சற்று முன்புதான் மாமியார் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

இன்ஜின் அணைந்தது. மழையே காணாத அந்த மாதத்தில் தோண்டிய ஈரமண்ணின் வாசனை ஜன்னல் வழியே வந்தது. அதன் பின்னாலேயே, வாசல் சரளையில் மகனுடைய செருப்பின் சத்தமும், செருப்பில்லாத காலடிகள் சிலவும், அவற்றுக்கு நடுவே ஒரு கால் இழுபடும் சத்தமும் மெதுவாக நெருங்கி வந்தன. பெரியவரின் அண்ணனுக்கு இடது கால் விளங்காது. வந்தவன் அதைக்கூடப் பழகிக்கொண்டு வந்திருக்கிறானே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மகன் கூடத்துக்குள் வந்தான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"அப்பா, மெயின் ரோட்டுலயே வண்டி காலியாயிடுச்சு. கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் பாத்தா, பின்சீட்டுல நாலு பேர். நம்ம வீட்டுக்குன்னாங்க. இருட்டுல மூஞ்சி தெரியல. நான்தான் கையப் புடிச்சு எறக்கி விட்டேன். நீங்க வரச் சொன்ன ஆளுங்களா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்க நாளைக்குக் காலை வண்டியிலதான் வர்றாங்க."

பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

உள்ளறையில் பெஞ்சு கிறீச்சிட்டது. ஒருமுறை. மறுபடி. மறுபடி. மறுபடி.

டீச்சர் எண்ணினாள்.

நான்கு.

காலையில் அதிகாரி வந்து உள்ளறை வாசலில் நின்று பெயர்களை வாசித்தார். நால்வரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை உயர்ந்தது. நகக்கண்களில் மண். யாரும் திரும்பவில்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு அதே பஸ்ஸில் கிளம்பிப் போனார்.

இந்தக் குடும்பம் கூலிக்கு ஆள் பிடித்து அதிகாரியை ஏமாற்றியதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். கூலி ஆட்களை வர வேண்டாம் என்று பெரியவர் அன்றிரவே சொல்லி அனுப்பிவிட்டார். அவர்கள் வரவில்லை. வந்தவர்கள் இன்னும் போகவில்லை.