கத்திரியின் அச்சாணி

வெள்ளிக்கிழமை, காலை 8.10. லண்டன் செவன் கிங்ஸில் கனகலிங்கத்தின் பட்டறையிலிருந்து றூபினி போட்ட சத்தம் பக்கத்து டயர் கடைவரை கேட்டது.

“ஆர் இதைக் கழட்டினது?”

மரம் வெட்டும் ஹைட்ரோலிக் கத்திரி, சின்ன லோடரின் முன்னால் மாட்டியபடியே நின்றது. கத்தி திரும்பும் அச்சாணியை மட்டும் காணவில்லை. முழங்கை நீளத்தில் ஓர் எஃகுத் துண்டு, அவ்வளவுதான். அது இல்லாமல் அந்தக் கத்தி ஒரு முருங்கைக்காயைக்கூட நறுக்காது.

பதினொரு மணிக்கு மிஸிஸ் பிளேக் கத்திரியைப் பார்த்து வாங்க வருகிறாள். வீதியோர மரங்களை வெட்டும் கொன்ட்றாக்ட் அவளுடையது. பழைய கத்திரி மரத்தை வெட்டியதும் கைவிட்டுவிடும், மரம் தன் இஷ்டத்துக்குச் சாயும். வெட்டும்போதே மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்படி அதை மாற்றி வரைய றூபினி இரண்டு வருடம் மண்டையை உடைத்திருந்தாள். இன்று அது வெட்டிக் காட்டாவிட்டால் மாதக் கடைசியோடு அவளுக்கு வேலை இல்லை. முதலாளி கனகலிங்கம் அதை முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

நேற்று ஐந்து மணிக்கு அவள் போகும்போது அச்சாணி இருந்தது. பட்டறைச் சாவி அவளைத் தவிர மூன்று பேரிடம்தான் உண்டு.

8.25. முதலில் வெல்டர் அபிஷன்.

“பழைய கத்திரி உம்மடை டிசைன். இது சரிவராட்டில் உமக்குச் சந்தோஷம்தானே?”

“அக்கா, சீரியஸ்லி? எடுக்கிறதெண்டால் சிலிண்டரை எல்லோ எடுத்திருப்பன்? அதுதானே விலை!”

8.40. அலுவலகம் பார்க்கும் றோஸ்மலர்.

“காலமை நீங்களோ திறந்தது?”

“ஓம், ஏழரைக்கு. நான் ஒண்டையும் தொடேல்லை. எனக்கு என்ரை கரைச்சலே போதும். வாற மனுசிக்கெண்டு பதினொண்டுக்குச் சொன்ன மட்டன் ரோல்ஸைப் பன்னிரண்டேகாலுக்கு மாத்தச் சொல்லி முதலாளி அண்ணை நேற்றுப் பின்னேரம் சொல்லிப்போட்டார். கடைக்காரன் பேசுறான்.”

தலைபோகிற நேரத்தில் இவளுக்கு ரோல்ஸ் கதை! றூபினி பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

9.05. கனகலிங்கம் வந்தார். ஒரு ஸ்பானர் காணாமல் போனாலே ஊரைக் கூட்டுகிற மனிதர். இன்றோ அலுவலகத்தில் பிள்ளையார் படத்துக்கும் இல்ஃபோர்ட் கோயில் கலண்டருக்கும் கீழே உட்கார்ந்து நிதானமாகத் தேநீர் குடித்தார்.

“பதறாதை பிள்ளை, தேடுவம். அந்த மனுசியைக் கொஞ்சம் பிந்தி வரச் சொல்லேலாதோ?”

“மூண்டாம் தரம் கேக்கிறியள் அண்ணை! அவ ஒரு மணிக்குச் சட்டனிலை நிக்கோணும், மற்றக் கொம்பனியின்ரை மிஷின் பாக்க. பிந்தினால் எங்களை விட்டிட்டுப் போயிடுவா.”

அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.

10.15 வரை குப்பைத் தொட்டி உட்பட எல்லாவற்றையும் கிளறியாகிவிட்டது. றூபினிக்கு அழுகையே வந்துவிட்டது. அலுத்துப்போய் இயந்திரத்தின் முன்னால் குந்தினாள். அப்போதுதான் கவனித்தாள். பாரமான கத்தியின் கீழே அளவாக ஒரு மரக்கட்டை முண்டு கொடுத்திருந்தது. அச்சாணித் துளைகள் ஒரே நேராக நின்றன. இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. அச்சாணியை இறுக்கும் பூட்டாணி கிறீஸ் துடைக்கப்பட்டு ஒரு தகரப் பேணியில் இருந்தது.

10.25. மூவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள்.

“களவெடுக்கிறவன் துளையை நேராக்கி வைச்சிட்டுப் போகமாட்டான். இது திருப்பிப் பூட்டிறதுக்கெண்டே கழட்டினது. எப்ப பூட்ட? பன்னிரண்டு மணிக்குப் பிறகு. அச்சாணி காணாமல் போக முதலே ரோல்ஸைப் பன்னிரண்டேகாலுக்கு மாத்தினது ஆர்? நீங்கள்தான், அண்ணை.”

கனகலிங்கம் தேநீர்க் கோப்பையை மெல்ல வைத்தார்.

“வெள்ளிக்கிழமை பத்தரையிலையிருந்து பன்னிரண்டு மட்டும் ராகுகாலம் பிள்ளை,” என்றார். “சொன்னால் நீ சிரிப்பாய். உன்ரை நன்மைக்குத்தானே செய்தனான்.”

“என்ரை நன்மைக்கோ! ரெண்டு வருஷம் அண்ணை! உங்களோடை நான் என்னத்தைச் சொல்லி அழ?”

அவள் நேரே போய்ப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். சாமி கும்பிடுகிற மனிதர் நல்ல காரியத்துக்கு ஒளித்ததை வேறு எங்கே வைப்பார்? அச்சாணி அங்கேதான் இருந்தது. பக்கத்தில் தொங்கிய கலண்டரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணை, இதை எப்பவாவது பாத்தனீங்களோ?”

“நாற்பது வருஷமாப் பாடம். என்னத்துக்குப் பாக்க?”

“நீங்கள் பாடமாக்கினது ஊர் நேரம். ராகுகாலம் சூரியன் உதிக்கிறதை வைச்சு வாறது. ஆனி மாசத்து லண்டனிலை விடிய நாலேமுக்காலுக்கு உதிக்குது. இஞ்சை போட்டிருக்கு பாருங்கோ: பத்து ஐம்பத்தேழிலையிருந்து ஒண்டு ரெண்டு மட்டும். பன்னிரண்டேகாலுக்குப் பூட்டியிருந்தால் நட்ட நடு ராகுகாலம்!”

கனகலிங்கத்தின் முகம் வெளுத்தது. சுவரில் மணி 10.36.

“ஐயோ, தா பிள்ளை! இப்பவே பூட்டுவம். ஓடு அபிஷன்!”

றூபினி அச்சாணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “றோஸ்மலர் அக்கா, என்ரை வேலைக் கொன்ட்றாக்ட் பேப்பரை எடுங்கோ. மூண்டு வருஷத்துக்கு.”

“இதென்ன அநியாயம்! இப்பவோ?”

“நல்ல நேரம் இன்னும் இருபது நிமிஷம் கிடக்கு அண்ணை.”

வாசலில் ஒரு வான் வந்து நின்றது. மிஸிஸ் பிளேக் இருபது நிமிடம் முந்தியே வந்துவிட்டாள். கனகலிங்கம் வாசலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், றூபினியின் கையைப் பார்த்தார். பிறகு எட்டி றோஸ்மலரின் பேனையைப் பறித்தார்.