அண்ணியின் கால்

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் எதுவும் இல்லை.

மாடி அறை முழுக்க உருகிய பிளாஸ்டிக்கின் இனித்த வாடை. இழையை உருக்கி, காகிதக் கனத்தில் ஒரு படலத்தின் மேல் இன்னொரு படலமாகப் பூசி உருவம் எழுப்புகிற அந்த முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் முனை, வெறும் காற்றில் இடமும் வலமுமாகப் போய்வந்தது. சுவரில் அதன் நிழலும் கூடவே போய்வந்தது. இழைச்சுருள் மட்டும் குறைந்துகொண்டே இருந்தது. அவ்வளவு பிளாஸ்டிக்கும் எங்கே போகிறது?

அவன் பிளக்கைப் பிடுங்கினான். அப்போதும் நிற்கவில்லை.

போன மழைக்காலத்தில் இதே தட்டில்தான் அண்ணிக்குச் செயற்கைக் கால் செய்தான். உள்ளே முழுக்க நிரப்பினால் இயந்திரம் நாள்கணக்கில் அதிலேயே கிடக்கும். வெளி ஆர்டர் ஒன்று காத்திருந்தது. மேல்தோலை மட்டும் கெட்டியாக வைத்து, உள்ளே தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக விட்டான். வீட்டு ஆள்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?

அண்ணிதான் கேட்டாள். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். "உள்ள கெட்டியா இருக்கா தம்பி?"

"கல்லு மாதிரி இருக்கு அண்ணி. பயப்படாம இறங்குங்க."

அண்ணி மாடிப்படி இறங்கினாள். நடுப்படியில் கால் மளுக்கென்று முறிந்தது. அதோடு அவள் கழுத்தும். தடுக்கி விழுந்தாள் என்று அண்ணனிடம் சாதித்துவிட்டு, பாவி, உடைந்த துண்டுகளை அன்றே எரித்தான்.

முனை ஒரு படலம் மேலே ஏறியது. அவன் பாதங்கள் மரத்துப்போயிருந்தன. நின்றுகொண்டே இருந்ததால் இருக்கும் என்று தேற்றிக்கொண்டான். இன்னொரு படலம். கணுக்கால்.

தட்டிலிருந்து முனை ஒரு சாண் ஏறியிருந்தது. தரையிலிருந்து அவன் கால்கள் ஒரு சாண் மரத்திருந்தன.

குனிந்தான். விரலை மடக்கிக் கணைக்காலைத் தட்டினான்.

டொக்.

எலும்பின் சத்தம் இல்லை அது.

"டேய், என்னடா கருகுற வாடை? கீழ வாடா!" கீழிருந்து அண்ணன் குரல்.

ஓடினான். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு படி. இன்னொரு படி. நடுப்படி. காலுக்குள் ஏதோ மெல்ல விரிசல் விட்டது. மேலே ஏறவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. "அண்ணா..."

மாடியில் இயந்திரம் நின்றது.

அவன் கணைக்காலை யாரோ விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்கள்.

"கல்லு மாதிரி இருக்கு தம்பி. பயப்படாம இறங்கு."